சிலம்பாயி ஜெயித்த சோழி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு ஒரு கரை இருந்தது. கரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க அரசாங்கத்திடம் வசதி இல்லை. கதை அந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்புகிறது.

வசதி இல்லை என்றால் கஜானாவில் இறகு இல்லை என்று அர்த்தம். அந்தக் காட்டில் இறகும் முள்ளும் கொம்பும்தான் செலாவணி. மயில் உதிர்த்த தோகை, மான் கழற்றிப் போட்ட கொம்பு, முள்ளம்பன்றியின் முதுகிலிருந்து தானாக விழுந்த முள், இவற்றைக் கொடுத்துத்தான் வாங்குவதும் விற்பதும். உதிர்ந்ததை மட்டும் செலவழிக்கலாம், உடம்பில் இருப்பதைத் தொடக் கூடாது என்பது அங்கே வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை. பிடுங்கினால் வலிக்கும் என்பதால் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

வரி போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தார்கள். காட்டில் பாதியைத் தின்று தீர்ப்பவை யானைகள். அவற்றிடம் வரி கேட்டபோது, "அப்ப நாங்க பக்கத்துக் காட்டுக்குப் போயிடறோம்" என்றன. சிங்கராஜா பதறிப்போய் அவற்றுக்குத் தொழில் ஊக்கச் சலுகை கொடுத்து உட்கார வைத்தார். மிச்சம் இருந்தவை அணில்களும் காடைகளும்தான். அணிலிடம் போய் எதைப் பிடுங்குவது, முதுகில் இருக்கும் கோடுகளையா?

அப்போதுதான் நிதியமைச்சர் நரி ஒரு யோசனையோடு வந்தது.

"ராசா, வரின்னா நாம போய்ப் பிடுங்கணும். பிடுங்கினா கத்துவாங்க. என் திட்டத்துல அவங்களே வருவாங்க. வரிசையில நிப்பாங்க. தன் கையாலேயே பிடுங்கிக் குடுப்பாங்க. போறப்ப, நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டுப் போவாங்க."

ராஜா தூக்கத்தில் இருந்தார். தூக்கத்தில் தலை ஆடியது. அந்தக் காட்டில் ராஜாவின் தலை எப்படி ஆடினாலும் அது அரசாணை.

இப்படித்தான் மலையடிக் குகையில் சோழி மண்டபம் வந்தது. ஆட்டம் ரொம்ப எளிது. ஒரு குரங்கு, ஒரு சோழி. உங்கள் உடம்பிலிருந்து ஒரு முள்ளையோ இறகையோ பிடுங்கி வைக்க வேண்டும். குரங்கு தன் கன்னத்துப் பையிலிருந்து சோழியை எடுத்து, துடைத்து, வீசும். சோழி மல்லாந்து விழுந்தால் வைத்தது இரட்டிப்பாகத் திரும்பி வரும். கவிழ்ந்து விழுந்தால் மண்டபத்துக்கு. சோழிக்கு இரண்டே பக்கம்தான், அதனால் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று எல்லா மிருகங்களும் நம்பின. கனத்தில் கவிழ்ந்தே விழும்படி சோழியின் வாய்க்குள் தேன்மெழுகு அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. குரங்கின் வாய்க்குள் இருக்கும் பொருளை யார்தான் வாங்கிப் பார்ப்பார்கள்?

அரசாங்கம் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டது என்று சொல்லிவிட முடியாது. "சோழி ஆட்டம் தோலுக்கும் குடும்பத்துக்கும் கேடு" என்று வாசலில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். தரையோடு தரையாக, எறும்புகள் மட்டும் படிக்கும் அளவு எழுத்தில். அதைப் படித்த எறும்புகள் எதுவும் இன்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எச்சரிக்கை நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கை வந்தது.

உள்ளே போகும் வாசலுக்குக் கட்டணம் கிடையாது, அந்த வழியாகத் திரும்பி வரத்தான் முடியாது. வெளியே வரும் வாசலை மட்டும் ஏலம் விட்டார்கள். சிறுத்தை எடுத்தது. அது ஒன்றும் செய்யாது. வாசலுக்கு எதிரே உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொம்போடு வரும் மானையும் முள்ளோடு வரும் முள்ளம்பன்றியையும் பார்த்தால் கொட்டாவி விடும். மொட்டையாக வருகிறவர்களைப் பார்த்தால்தான் எழுந்து நிற்கும்.

இனி சிலம்பாயிக்கு வருவோம். சிலம்பாயி ஒரு முள்ளம்பன்றி. முதுகைச் சிலிர்த்தால் முள்ளெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். அந்தச் சத்தத்துக்குச் சிறுத்தையே நாலடி பின்னால் போகும். வாய்ச்சத்தம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவளுக்கு வாய்த்த புருஷன் ஈட்டியப்பன். பெயரில் இருந்த ஈட்டி உடம்பில் குறைந்துகொண்டே வந்தது, ஏனென்றால் மண்டபம் திறந்த நாளிலிருந்து அவன் அங்கேதான் குடியிருந்தான்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் சிலம்பாயி வெளிவாசலுக்குப் போய் நிற்பாள். ஈட்டியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். அவள் முன்னால் நின்று முதுகைச் சிலிர்ப்பாள். சலசலவென்று சத்தம் கேட்டதும் சிறுத்தை மறுபடி உட்காரும். அவள் முன்னால், அவன் பின்னால், அப்படியே வளை வரைக்கும் போவார்கள். முள்ளம்பன்றி இரவில்தானே நடமாடும் என்று பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அரசு அலுவலகம் பகலில்தான் திறந்திருக்கிறது.

"முள்ளு மறுபடி முளைக்கும் புள்ள, நீ ஏன் இப்படிக் கெடந்து தவிக்கிற?" என்பான் ஈட்டியப்பன்.

"முளைக்கட்டும். முளைக்கிற வரைக்கும் சிறுத்தை சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்குமா? நான் ஒருநாள் காய்ச்சல்ல படுத்தேன்னா உங்க கதி என்னங்க?"

அவன் தேக்கிலையை முதுகில் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான். அவன் மேல் அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் இருந்தது. அவன் இல்லாத வளையை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

இந்த நிலைமையில் அரசாங்கம் புதிதாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இன்னும் எட்டு மண்டபங்கள் வரப்போகின்றன. அதில் ஒன்று சிலம்பாயியின் வளைக்கு நேர் எதிரே, நாவல் மரத்தடியில். ஈட்டியப்பன் தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுத்தாலே உள்ளே போய் விழுந்துவிடுவான்.

சிலம்பாயி நேரே நரியிடம் போனாள்.

"அமைச்சரய்யா, குளத்துக்கரைக்குன்னு சொல்லித்தானே முதல் மண்டபத்தைத் தொறந்தீங்க? ஓட்டை அப்படியேதானே இருக்கு? அந்த வருமானமெல்லாம் எங்க போச்சு?"

நரி அவளுக்கு நாற்காலி போடச் சொன்னது. முள்ளம்பன்றிக்கு நாற்காலி போடுவது அந்த அரசாங்கத்தின் மரியாதை. உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

"நல்ல கேள்வி தாயி. மண்டபத்துல தோத்தவங்களுக்கு ஒரு மீட்பு மையம் கட்டினோம். குடும்பத்தைத் தேடி அழறவங்களுக்கு ஒரு ஆறுதல் மையம் கட்டினோம். அங்க சண்டை வராம பாத்துக்கக் கரடிங்களைக் காவலுக்கு வச்சோம். ஒரு மண்டபத்து வருமானம் அந்த மண்டபத்தால வந்த செலவுக்கே சரியாப் போயிடுது. அதனாலதான் குளத்துக்குன்னு தனியா எட்டு மண்டபம் தேவைப்படுது."

சிலம்பாயிக்கு இதில் எங்கோ தப்பு இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று கைவைக்க முடியாதபடி அது வழவழவென்று இருந்தது.

"நான் இதை எதிர்க்கிறேன்" என்றாள்.

"தாராளமா எதிர்க்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. டோக்கன் வாங்கிக்கிட்டு வந்து பேசுங்க."

டோக்கன் கொடுக்கும் இடம் சோழி மண்டபத்துக்குள் இருந்தது. கவுன்ட்டரில் ஓர் ஆமை. ஆதரிப்பவர் வரிசை, எதிர்ப்பவர் வரிசை என்று இரண்டு. ஆதரித்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு வீச்சு இலவசம் என்பதால் அந்த வரிசை குகைக்கு வெளியே போய் ஆற்றங்கரை வரை நின்றது. எதிர்ப்பவர் வரிசையில் சிலம்பாயி மட்டும்தான். அப்படியும் அவளுக்கு டோக்கன் கிடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆமை.

கூட்டம் பெரிய பாறையடியில் நடந்தது. சிங்கராஜா மேலே படுத்திருந்தார். முதலில் கிளி பேசியது. மண்டபத்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்றது. என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். மண்டபத்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்றது. அடுத்து, கரடிகளின் காவலோடு மயில் வந்தது. உடம்பில் ஒரு தோகைகூட இல்லை. உரித்த கோழி மாதிரி இருந்தாலும் பழைய நடையை மட்டும் விடவில்லை.

"இன்னும் நாலே வீச்சு. மொத்தத்தையும் மீட்டுடுவேன். அதுக்குள்ள யாரும் மண்டபத்தைப் பத்தி அபசகுனமாப் பேசிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டே இறங்கிப் போனது.

பிறகு சிலம்பாயி ஏறினாள். தயார் செய்துகொண்டு வந்த பேச்சு மறந்துபோய்விட்டது. கூட்டத்தின் ஓரத்தில் தேக்கிலையைப் போர்த்திக்கொண்டு நின்ற ஈட்டியப்பனைப் பார்த்தாள். பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எம் புருஷனைப் பாருங்க. முன்னாடி வரச் சொல்லல, வந்தா அவருக்கு வெக்கமா இருக்கும். அந்த முதுகு எப்படி இருந்த முதுகுன்னு உங்களுக்கே தெரியும். இப்ப தினம் சாயங்காலம் நான் போய்ச் சலசலன்னு ஆட்டித்தான் கூட்டிட்டு வரேன். எனக்கு முள்ளு இருக்கு, ஆட்டறேன். முயல் பொஞ்சாதி எதை ஆட்டுவா? அவ வீட்டுக்காரரு வெளிவாசல் வழியா வந்தாரு, வீட்டுக்கு வரல. அரசாங்கத்துக்கு வருமானம் வேணும்னா வாங்க, வந்து எங்ககிட்ட கேளுங்க. எங்க பலவீனத்துக்கிட்ட போய்க் கேக்காதீங்க. அது இல்லைன்னு சொல்லத் தெரியாம எல்லாத்தையும் குடுத்துரும்."

முயலின் பெண்டாட்டி மூக்கைச் சிந்தினாள். கரடிக் காவலர்கள்கூட வேறு பக்கம் பார்த்தார்கள். அப்போது ஒரு காட்டெருமை தொண்டையைக் கனைத்தது.

"அக்கா, ஒரு சந்தேகம். அந்தக் குளத்துக்கரை ஓட்டைக்கா இவ்வளவும்? நாங்க நாலு பேரு போய் மண்ணைப் போட்டு மிதிச்சா மத்தியானத்துக்குள்ள அடைஞ்சுருமே? சும்மாவே மிதிச்சுத் தரோம்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் சிங்கராஜா, கண்ணைத் திறந்து.

"யாரும் கேக்கலையே ராசா."

கூட்டம் ஆரவாரித்தது. மண்டபம் வேண்டாம், எருமை போதும் என்று கத்தினார்கள். சிலம்பாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "சரி, வேண்டாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க, முடிச்சுடலாம்" என்றார் ராஜா.

நரி எழுந்து கும்பிட்டது.

"ராசா, கை தூக்கறது நியாயமில்லை. பாம்புக்குக் கை கெடையாது. ஒரு இனத்தையே ஒதுக்கிட்டதா வரலாறு பேசும்."

பாம்பு அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது. தன் உரிமை பறிபோகப் பார்த்தது தெரிந்ததும் சீறியது. ராஜா குழம்பிப்போனார்.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி இருக்கு" என்றது நரி. "சோழி. மல்லாந்து விழுந்தா அம்மா ஜெயிச்சாங்க, புது மண்டபமே கெடையாது. கவிழ்ந்து விழுந்தா எட்டு மண்டபமும் உண்டு. இன்னொண்ணு. அம்மா ஜெயிச்சா, அவங்க வீட்டுக்காரரோட முள்ளு மொத்தத்தையும் கஜானாவுலருந்து எடுத்து இங்கேயே, இப்பவே குடுத்துடறேன். ஆனா எதுவும் வைக்காம சோழி வீச முடியாது, அது விதி. அம்மா தன்னோட முள்ளை வைக்கட்டும்."

"வேண்டாம்க்கா" என்றது காட்டெருமை. "நாம ஏற்கெனவே ஜெயிச்சாச்சு. பாம்பைத் தனியாக் கேட்டுக்கலாம்."

அது சொன்னது சரி என்று சிலம்பாயிக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது. ஈட்டியப்பனின் தேக்கிலை பறந்துபோனது. கூட்டத்துக்கு நடுவே அவன் வெற்று முதுகோடு நின்றான். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவன் இரண்டு கையாலும் முதுகை மறைக்கப் பார்த்தான், எட்டவில்லை.

"போடு சோழியை" என்றாள் சிலம்பாயி.

குரங்கு கன்னத்துக்குள் விரலை விட்டது. எப்போதும் இடது கன்னத்திலிருந்து எடுக்கும் குரங்கு அன்று வலது கன்னத்திலிருந்து எடுத்தது. சிலம்பாயி அதைக் கவனிக்கத்தான் செய்தாள். எந்தக் கன்னமாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். சோழி மேலே போனது. எல்லாத் தலையும் மேலே போனது. சோழி கீழே வந்தது, உருண்டது, நின்றது.

மல்லாந்து.

காடே அதிர்ந்தது. சிலம்பாயியின் முதுகில் முள்ளெல்லாம் தானாக எழுந்து நின்று கூத்தாடின. உச்சந்தலையிலிருந்து வால் வரைக்கும் சூடாக எதுவோ பாய்ந்தது. அந்த ஒரு கணம் பிரமாதமாக இருந்தது, அதை மறைப்பானேன்? வாழ்நாளெல்லாம் கிழங்கு தோண்டித் தின்ற யாருக்கும் அப்படி இருந்திருக்காது. நரி தோற்றுப்போனவர்களின் முகத்தோடு வந்து மாலை போட்டது. கஜானாவிலிருந்து ஈட்டியப்பனின் முட்கள் கட்டுக்கட்டாக வந்தன. வேப்பம்பிசினைத் தடவி ஒவ்வொன்றாக அவன் முதுகில் ஒட்டினார்கள். அன்றைக்கு வளைக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நடந்தார்கள்.

மறுநாள் காலையில் சிலம்பாயி வெளியே வந்து பார்த்தாள். நாவல் மரத்தில் ஓர் அகலமான இலை தொங்கியது. அதில் அவள் முகம், பல் தெரிய. கீழே எழுதியிருந்தது: "சிலம்பாயி ஒரே வீச்சில் ஜெயித்தார். நீங்கள்?" இந்த எழுத்து எறும்புக்கு அல்ல. அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் படிக்கலாம்.

மண்டபத்துக்கு வரிசை குளம் வரைக்கும் வந்திருந்தது. இதுவரை அந்தப் பக்கமே போகாத காடைகள் நின்றன. முயலின் பெண்டாட்டி நின்றாள். வரிசையில் நாலு காட்டெருமைகளும் நின்றன.

"ஏம்ப்பா, கரையை மிதிக்கிறேன்னு சொன்னீங்களே?"

"மத்தியானம் மிதிச்சுடலாம்க்கா. ஒரே ஒரு வீச்சு. நீங்க ஜெயிச்சதைப் பாத்ததுலருந்து மனசு கேக்கல."

நரி வாக்குத் தவறவில்லை. புது மண்டபம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கூட்ட நெரிசலில் யாரும் மிதிபட்டுச் சாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், பழைய மண்டபத்துக்கே எட்டுத் துணை வாசல்கள் திறந்தது. அவை எட்டு இடங்களில் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குரங்கு இருந்தது, அவ்வளவுதான். நாவல் மரத்தடியிலும் ஒன்று.

சிலம்பாயி வளைக்குள் ஓடிப் பார்த்தாள். ஈட்டியப்பன் இல்லை.

மண்டபத்துக்கு ஓடினாள். வரிசையில் வந்தால்தான் விடுவேன் என்றது கரடி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா? உங்களுக்கு வரிசை கெடையாது தாயி, நேராப் போங்க" என்றது. உள்ளே போனால் ஈட்டியப்பன் குரங்கின் முன்னால் மொட்டையாக உட்கார்ந்திருந்தான். ஒட்டிய முள் என்பதால் பிடுங்கும்போது வலிக்கவே இல்லை என்றான். அதனால்தான் சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்றான்.

"எந்திரிங்க. எம்பின்னாடி வாங்க. சலசலன்னு ஆட்டிக்கிட்டே போயிடலாம்."

அவன் எழுந்தான். அவளும் திரும்பினாள். எதிரே நரி நின்றது.

"தாயி, எனக்கே மனசு சரியில்லை. இந்தத் துணை வாசலெல்லாம் அதிகப்படின்னுதான் தோணுது. நேத்து மாதிரி ஒரே ஒரு வீச்சு. ஜெயிச்சீங்கன்னா எட்டையும் மூடிடறேன். இந்தக் காட்டுல ஜெயிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே?"

கடைசி வாக்கியம் உண்மை. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. காடையையும் முயலையும் எருமையையும் காப்பாற்ற ஜெயிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும், அந்த ஒருத்தி தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நேற்றுப் பாய்ந்த அந்தச் சூடும் உடம்பில் எங்கோ ஒரு மூலையில் மிச்சமிருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

குரங்கு இடது கன்னத்திலிருந்து சோழியை எடுத்தது.

கவிழ்ந்தது. அடுத்ததும் கவிழ்ந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்றாள். ஜெயித்தால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றாள். அவள் முள் ஒட்டின முள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் வலித்தது. வலிக்க வலிக்கப் பிடுங்கி வைத்தாள். பொழுது சாய்ந்தபோது இரண்டு பேரும் வெளிவாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரே சிறுத்தை எழுந்து நின்றது. சிலம்பாயி வழக்கம்போல முன்னால் வந்து, முதுகைச் சிலிர்த்தாள்.

சத்தம் வரவில்லை.

ஈட்டியப்பன் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். அவன் அவளைக் காப்பாற்றியது அது ஒரு தடவைதான், ஆனால் நன்றாகவே காப்பாற்றினான்.

இனி வெளியே போக முள் வேண்டும். முள் முளைக்கும் வரை உள்ளேயே தங்க வேண்டும். உள்ளே தங்குகிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று நரி இருவருக்கும் வேலை போட்டுக் கொடுத்தது. வேலைவாய்ப்பு பெருகும் என்று கிளி சொன்னதை அப்போது யாரும் நம்பவில்லை. ஈட்டியப்பன் தரையில் விழும் முள்ளையும் இறகையும் கூட்டிப் பெருக்கிக் கஜானாவுக்கு அனுப்புகிறான். அவனுக்கு அவ்வப்போது ஒரு முள் முளைக்கிறது. அன்றைக்கே அது மேசைக்குப் போய்விடுகிறது.

குளம் இப்போது வற்றிவிட்டது. தண்ணீர் இல்லாத குளத்துக்குக் கரை எதற்கு என்று அமைச்சரவை கூடி முடிவெடுத்தது. ஆக, ஓட்டைப் பிரச்சினை தீர்ந்தது. அந்த இடத்தில் வாகனம் நிறுத்தலாமா, யானை நிறுத்தலாமா என்று பேச்சு நடக்கிறது.

சிலம்பாயிக்கு உள்வாசலில் வேலை. வருகிறவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது பொய்யில்லை என்பதால் மனசாட்சிக்கும் இடைஞ்சல் இல்லை என்று நரி சொல்லியிருக்கிறது. நேற்று ஒரு காடை வந்தது. சின்னக் காடை, உடம்பில் எல்லா இறகும் இருந்தது. தயங்கித் தயங்கி நின்று அவளை அண்ணாந்து பார்த்தது.

"அக்கா, நீங்க நெசமாவே ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்டி" என்றாள் சிலம்பாயி. அதற்கு மேலும் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் காடை உள்ளே ஓடிவிட்டது.

நீதி: சூதாட்டத்தை எதிர்த்து எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம். ஜெயித்துவிட மட்டும் கூடாது.